வலது பக்கம் ஏன் எரியவில்லை?

பழைய புல்லட்டும் குற்றாலச் சாரலும்

ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் தென்காசியில் காற்று மாறிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசும். கூடவே சாரல் வரும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிடும்.

தென்காசியில் இருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோ மீட்டர் தூரம்தான். மேலகரத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் சீசன் நாட்களில் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டுமே! பஸ், வேன், கார், ஆட்டோ என்று வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடையே, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தோளில் துண்டுடன் அருவிக்கு நடந்து போகிறவர்கள் வேறு.

அந்த நெரிசலில் "டப், டப்" என்று ஒரு பழைய புல்லட் வருகிறது. ஓட்டுகிறவர் வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளுகிறார். விளக்கு எரியவில்லை. அது அவருக்குத் தெரியாது. சிக்னல் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்புகிறார். பின்னால் வரும் வேன் டிரைவரோ, வண்டி நேராகப் போகிறது என்று நினைக்கிறார்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எரியாத விளக்கை விட, எரிகிறது என்று நம்பிய விளக்குதான் பொல்லாதது!

கையைக் காட்டினால் போதாதா?

"அந்தக் காலத்தில் கையைக் காட்டித்தானே திரும்பினார்கள்?" என்று சிலர் கேட்பார்கள்.

உண்மைதான். இன்றும் கை சிக்னல் செல்லும். வலது பக்கம் திரும்ப, வலது கையை நேராக நீட்ட வேண்டும்.

ஆனால் மோட்டார் சைக்கிளில் வலது கைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. ஆக்சிலேட்டர் அந்தக் கையில்தான் இருக்கிறது. முன் சக்கரத்துப் பிரேக்கும் அந்தக் கையில்தான் இருக்கிறது. சாரலில் நனைந்த சாலையில், பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கையை எடுக்க முடியுமா? எடுத்தாலும் இருட்டில் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் இண்டிகேட்டர் விளக்கு வேண்டும்.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

புல்லட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து, 1955-ம் ஆண்டில் "என்பீல்டு இந்தியா" கம்பெனியைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து பாகங்கள் வந்தன. அவற்றைப் பூட்டி வண்டி செய்தார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கம்பெனி பிறகு மூடப்பட்டது. சென்னைப் புல்லட் நிற்கவில்லை. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த முதல் புல்லட்டுகளில் இண்டிகேட்டர் கிடையாது! சாலையில் வண்டிகள் குறைவு. கையைக் காட்டினால் போதும்.

கார்களில் மட்டும் வேறு ஏற்பாடு இருந்தது. மாரிஸ் மைனர் போன்ற கார்களில், கதவுக்குப் பக்கத்தில் இருந்து சிறிய கை போல ஒரு பட்டை வெளியே நீளும். மினுக்கும் விளக்கை அமெரிக்காவில் பியூக் கம்பெனி 1939-ம் ஆண்டிலேயே தன் கார்களில் வைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு அது மெல்லத்தான் வந்தது.

ஆகையால் மிகப் பழைய புல்லட்டில் இன்று இண்டிகேட்டர் இருந்தால், அது பிற்பாடு யாரோ ஒரு மெக்கானிக் பூட்டியதாக இருக்கும். அவர் கையில் கிடைத்த ஒயரை இழுத்திருப்பார். சிவப்புக்குப் பதில் பச்சை ஒயர் இருக்கும். அதன் மேல் இன்னொருவர் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து அந்த வண்டியை ரிப்பேர் செய்ய முடியாது. ஒயரின் நிறத்தை நம்பக்கூடாது. மின்சாரம் போகும் வழியைத்தான் நம்ப வேண்டும்.

போக்கும் வரத்தும்

மின்சாரம் போகும் வழி என்ன?

பேட்டரியில் இருந்து மின்சாரம் புறப்படுகிறது. முதலில் பியூசுக்குப் போகிறது. அங்கிருந்து சாவி சுவிட்ச். அதற்கு அடுத்தது பிளாஷர். இதுதான் விளக்கை மினுக்க வைக்கும் சிறிய டப்பா. பிளாஷரில் இருந்து ஹேண்டில் பாரில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்சுக்கு. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, அந்தப் பக்கத்து முன் பல்புக்கும் பின் பல்புக்கும் மின்சாரம் போகிறது.

இத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால்தான் பல்பு எரியும். திரும்பி வரும் வழிக்குத் தனி ஒயர் இருக்காது. வண்டியின் இரும்புச் சட்டமே வழி! இதைத்தான் மெக்கானிக்குகள் "எர்த்" என்று சொல்கிறார்கள்.

தென்காசி வட்டாரத்து விவசாயிகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சிற்றாற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. ஆனால் வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் அடைத்துவிட்டது. கடைமடை வயல் காய்கிறது. அதற்காக ஆற்றைக் குற்றம் சொல்வதா? அடைப்பு எங்கே என்று தேட வேண்டும். இண்டிகேட்டரும் அப்படித்தான். பேட்டரி ஆறு, பல்பு கடைமடை வயல்.

சாரல் செய்யும் வேலை

அடைப்பு எப்படி உண்டாகிறது?

சாரல் பலத்த மழை அல்ல. பூப்போல விழும். ஆனால் நாள் கணக்கில் விழும். ஒயர்கள் சேரும் இடங்களிலும் பல்பு ஹோல்டரிலும் ஈரம் இறங்கும். அங்கே உள்ள பித்தளையிலும் செம்பிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். இரும்புத் திருகில் துரு ஏறும். களிம்பும் துருவும் மின்சாரத்துக்குச் சரியாக வழி விடா.

குறிப்பாக, எர்த் ஒயரைப் பூட்டிய திருகு துருப்பிடித்தால் போச்சு. பல்பு நன்றாக இருக்கும். பேட்டரி நன்றாக இருக்கும். வெளிச்சம் மட்டும் வராது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய வண்டியை வாங்குகிறவர்கள் அதைப் புதிது போல் ஆக்குவார்கள். சட்டம் முழுவதும் பளபளவென்று பெயிண்ட் அடிப்பார்கள். அதன் மேல் திருகை முடுக்கி எர்த் ஒயரைக் கட்டுவார்கள். பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது. வண்டி மணப்பெண் போல ஜொலிக்கும், இண்டிகேட்டர் எரியாது!

இண்டிகேட்டர் விளக்கு ரப்பர் தண்டில் பூட்டப்பட்டிருந்தால், அந்த ரப்பரும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட விளக்குக்கு எர்த்துக்கென்று தனி ஒயர் கட்டாயம் வேண்டும்.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

பழைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரிதான் இருந்தது. பிறகு 12 வோல்ட் வந்தது.

வோல்ட் என்பது அருவியின் உயரம் போன்றது. ஆம்பியர் என்பது விழும் தண்ணீரின் அளவு போன்றது. உயரம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய அதிகத் தண்ணீர் வேண்டும்.

ஒரு பக்கத்தில் 10 வாட் பல்புகள் இரண்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் வண்டியில் அவை சுமார் 1.7 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 6 வோல்ட் வண்டியில் அதே வெளிச்சத்துக்குச் சுமார் 3.3 ஆம்பியர் தேவை. இரண்டு மடங்கு!

வழியில் களிம்பு பிடித்து 1 வோல்ட் வீணானால் என்ன ஆகும்? 12 வோல்ட் பல்பின் வெளிச்சம் ஏறக்குறையக் கால் பங்கு குறையும். 6 வோல்ட் பல்பின் வெளிச்சமோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது. ஆகையால் 6 வோல்ட் வண்டிக்குச் சுத்தமான இணைப்பு மிகவும் முக்கியம்.

பல்பு வாங்கும்போது வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட் வண்டியில் போட்டால் மங்கலாக எரியும், மினுக்காமலும் போகலாம். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் போட்டால் சீக்கிரம் பியூஸ் ஆகிவிடும்.

மினுக்குவது எப்படி?

பழைய பிளாஷருக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. இரண்டு வகை உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய தகடு. மின்சாரம் போகும்போது அது சூடாகும். சூடானால் ஓர் உலோகம் அதிகமாக நீளும். மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளையும். வளைந்ததும் இணைப்பு விட்டுப்போகும். விளக்கு அணையும். தகடு ஆறியதும் பழைய இடத்துக்கு வரும். விளக்கு எரியும். இப்படியே மாறி மாறி நடக்கும்.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 தடவைக்குக் குறையாமலும் 120 தடவைக்கு மேற்படாமலும் மினுக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிடலாம்.

தகடு சூடாகப் போதுமான மின்சாரம் ஓட வேண்டும். இரண்டு பல்புகளில் ஒன்று போய்விட்டால் மின்சாரம் பாதியாகும். அப்போது சில பிளாஷர்களில் விளக்கு மினுக்காமல் நின்று எரியும். சில வகைகளில் படபடவென்று வேகமாக மினுக்கும். இரண்டும் பிளாஷர் தரும் எச்சரிக்கை. அதைப் பழுது என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடக்கூடாது.

மூன்று கேள்விகள்

"அண்ணாச்சி, பிளாஷர் போச்சு. புதுசு மாத்திருவோமா?"

வண்டியைப் பார்த்ததும் சில இடங்களில் இப்படித்தான் கேட்பார்கள். அண்ணாச்சியும் தலையை ஆட்டுவார். புது பிளாஷர் வரும். விளக்கு எரியாது. பிறகு புது சுவிட்ச் வரும். அப்போதும் எரியாது. கடைசியில் பின்பக்கத்து எர்த் திருகைக் கழற்றித் துடைத்ததும் எரியும்!

பணத்தைச் செலவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இரண்டு பக்கமும் எரியவில்லையா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான வழியில் கோளாறு. பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், பிளாஷர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் நன்றாக எரிகிறதே என்று ஏமாறக்கூடாது. சில வண்டிகளில் என்ஜின் ஓடும்போது உண்டாகும் மின்சாரமே நேராக ஹெட்லைட்டுக்குப் போகும். இண்டிகேட்டருக்குப் பேட்டரி தேவை.

இரண்டு: ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? அப்படியானால் பேட்டரியும் பியூசும் நல்ல நிலையில் இருக்கின்றன. பிளாஷரும் வேலை செய்கிறது. ஹேண்டில் பார் சுவிட்சையும் அந்தப் பக்கத்து ஒயரையும் பார்க்க வேண்டும்.

மூன்று: ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? பல்பு, ஹோல்டர், எர்த். வேறு எங்கும் போக வேண்டாம்.

இந்த மூன்று கேள்விகளுக்குப் பணச் செலவு இல்லை. ஒரு நிமிடம் போதும். தேட வேண்டிய இடம் கால் பங்காகச் சுருங்கிவிடும்.

டெஸ்ட் லாம்ப்

அடுத்து ஒரு கருவி வேண்டும். வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு சிறிய பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு நீண்ட ஒயர்கள். இதுதான் டெஸ்ட் லாம்ப். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதன் ஒரு முனை இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். பல வண்டிகளில் அது நெகட்டிவ் முனை. ஆனால் பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

டெஸ்ட் லாம்பின் ஒரு ஒயரை, சட்டத்தோடு இணைந்த அந்த முனையில் மாட்டுங்கள். சாவியைத் திருப்புங்கள். மற்றொரு ஒயரால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு வாருங்கள். பியூசுக்கு முன்பு, பியூசுக்குப் பின்பு, சாவி சுவிட்ச், பிளாஷருக்குள் நுழையும் இடம். பல்பு எரிந்தால் அதுவரை மின்சாரம் வருகிறது. எந்த இடத்தில் எரியவில்லையோ, அதற்கும் முந்திய இடத்துக்கும் நடுவில் கோளாறு இருக்கிறது.

பிளாஷருக்கு மின்சாரம் வருகிறது. ஆனால் விளக்கு எரியவில்லை. என்ன செய்வது? இரண்டு முனை உள்ள பழைய பிளாஷர் என்றால், அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடு ஒன்று சேருங்கள். சுவிட்சைத் தள்ளுங்கள். விளக்குகள் மினுக்காமல் நின்று எரிந்தால் பிளாஷர்தான் குற்றவாளி. அப்போதும் எரியாவிட்டால் பிளாஷர் மேல் சந்தேகம் வேண்டாம். கோளாறு அதைத் தாண்டி இருக்கிறது.

எர்த்தைச் சோதிப்பது அதைவிட எளிது. எரியாத விளக்கின் உலோக ஹோல்டரில் இருந்து, பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு தனி ஒயரைப் பிடியுங்கள். சுவிட்சைத் தள்ளுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் எர்த் வழியில்தான் அடைப்பு.

திருகைக் கழற்றுங்கள். பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளப்பாகத் தெரியும்படி செய்யுங்கள். ஒயர் முனையையும் தேயுங்கள். இறுக்கமாக முடுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் சாரல் அண்டாது.

இன்னும் ஒரு சோதனை. விளக்கு மினுக்கும்போது ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது அணைந்தால், ஹேண்டில் பாரின் கழுத்தில் ஒயர் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து வளைந்து, மேல் ரப்பர் நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்துபோகும்.

செய்யக்கூடாத காரியங்கள்

பியூஸ் போனதும், சிகரெட் பெட்டியில் இருக்கும் ஈயத்தாளைச் சுருட்டி வைக்கிறவர்கள் உண்டு. இது பெரிய ஆபத்து! பியூஸ் என்பது காவல்காரன். ஒயர் எங்காவது சட்டத்தில் உரசினால் முதலில் பியூஸ் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். ஈயத்தாள் எரியாது, ஒயர்தான் எரியும். ஒயர் போவதோ பெட்ரோல் டாங்குக்கு அடியில்! புதுப் பியூசும் உடனே போனால், உரசும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை ஓட்டக்கூடாது.

ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதும் நல்லதல்ல. அடுத்த சாரலில் அங்கே களிம்பு பிடிக்கும். ஈயப் பற்று வைத்து டேப் சுற்ற வேண்டும். அதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பேட்டரிக்குத் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். குற்றால அருவித் தண்ணீர் உடம்புக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது! நன்றாகச் சார்ஜ் ஆன 6 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 6.3 வோல்ட் காட்டும். 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

எல்.இ.டி. போட்டால்?

இப்போது பலர் பழைய வண்டிக்கு எல்.இ.டி. விளக்கு பூட்டுகிறார்கள். அது மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். பழைய பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கொஞ்ச மின்சாரத்தில் பழைய பிளாஷரின் தகடு சூடாகாது. விளக்கு மினுக்காது. எல்.இ.டி.க்கு ஏற்ற எலெக்ட்ரானிக் பிளாஷர் வேண்டும். அதைப் பூட்டும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது.

சில வண்டிகளில் எல்.இ.டி. போட்டதும் நான்கு விளக்குகளும் சேர்ந்து மினுக்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே, இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே சிறிய அடையாள விளக்கு இருப்பதுதான் காரணம். அதன் வழியாக மின்சாரம் மறு பக்கத்துக்கும் போய்விடுகிறது. இரண்டு டயோடுகளைச் சேர்த்தால் அது நின்றுவிடும்.

தாத்தா வண்டிக்கும் சட்டம் உண்டு

முதல் தடவை பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன மோட்டார் சைக்கிளை "விண்டேஜ்" வண்டியாகப் பதிவு செய்துகொள்ள 2021-ம் ஆண்டில் மத்திய அரசு வழி செய்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குக் கொண்டு போகலாம். அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது.

எந்தப் பதிவாக இருந்தாலும் சாலைக்கு வந்த வண்டி, பின்னால் வருகிறவருக்குத் தன் எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நிமிட வேலை

வண்டியைக் கிளப்பும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். இடது பக்கச் சுவிட்சைப் போட்டு, வண்டியைச் சுற்றி வந்து முன் விளக்கையும் பின் விளக்கையும் பாருங்கள். பிறகு வலது பக்கம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "எரியுதுப்பா" என்று குரல் வந்த பிறகு புறப்படுங்கள்.

சாரல் நாட்களில் இதைத் தினமும் செய்ய வேண்டும். நேற்று எரிந்த விளக்கு இன்றும் எரியும் என்று சொல்ல முடியாது. ராத்திரி முழுவதும் சாரல் விழுந்திருக்கிறதே!